பொறுக்கி எறிந்த கல்

ஒரு சனிக்கிழமை மதியம் சாம்பாரில் இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டேன். ஹூஸ்டனில் ஹில்கிராஃப்ட் சாலையில் அப்போது இருந்த ஒரு சைவ ஓட்டலில் நான் சமையல்காரன். முதலாளி ஒரு கரண்டி வாயில் விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"என்னண்ணே, கடலையே கொண்டாந்து கொட்டிட்டீங்களா? போன வாரமும் இதே கதைதான். இன்னொரு தடவை ஆச்சுன்னா நான் வேற ஆள் பார்க்கணும்."

கெட்டவர் இல்லை. என் கிரீன் கார்டு மனுவில் கையெழுத்துப் போட்டவரே அவர்தான். வேலை போனால் நான் ஊருக்குத் திரும்ப வேண்டும். ஊரில் யாரும் இல்லை. மனைவி இறந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. மனு நடுவில் கிடந்ததால் இறுதிச் சடங்குக்குக்கூட நான் ஊருக்குப் போகவில்லை. அழவும் இல்லை. தூக்கம் மட்டும் நின்றுபோனது. டாக்டர் கொடுத்த மாத்திரை மறுநாள் முழுக்க என்னை அடுப்படியில் தள்ளாட வைத்தது.

முதலாளியின் மனைவி என்னைக் காரில் ஒரு சீன வைத்தியரிடம் கூட்டிப்போனார். கிழவர் இரண்டு மணிக்கட்டிலும் மூன்று விரல் வைத்துப் பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார். அவர் சொன்னதை மகள் ஆங்கிலத்தில் சொல்ல, முதலாளியம்மா தமிழில் சொன்னார்.

"எப்ப இருந்து தூங்கலைன்னு கேக்குறாருண்ணே."

"கொஞ்ச நாளாம்மா."

"கொஞ்ச நாள்னா? ஒரு வாரமும் கொஞ்சம்தான், ஒரு வருஷமும் கொஞ்சம்தான்."

நான்கு மாதம் என்று முதலாளியம்மாவே அவர்களிடம் சொல்லிவிட்டார்.

ஏழு பொட்டலம் மருந்து கொடுத்தார். தினம் ஒன்றை மூன்று டம்ளர் தண்ணீரில் போட்டு ஒன்றாகச் சுண்டக் காய்ச்ச வேண்டும். ஏழும் குடித்தேன். கசப்பு தெரிந்தது. தூக்கம் வரவில்லை. திரும்பப் போனோம்.

கிழவர் நாடி பார்த்துவிட்டு ஏதோ கேட்டார்.

"பொட்டலத்துல இருந்த எல்லாத்தையும் போட்டுக் காய்ச்சினீங்களாண்ணே?"

"எல்லாம் போட்டேம்மா. கல்லை மட்டும் தட்டுல கொட்டிப் பொறுக்கி எறிஞ்சுட்டேன்."

துவரம்பருப்பில் தினமும் செய்கிற வேலை. முதலாளியம்மா சிரித்துக்கொண்டே அதை ஆங்கிலத்தில் சொன்னார். மகளும் சிரித்தாள். கிழவர் சிரிக்கவில்லை. ஒரு இழுப்பறையைத் திறந்து, சாம்பல் நிறத் துண்டு ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். கனமாக இருந்தது.

"அது கல்லு இல்லையாம்ணே. கடல் சிப்பி ஓடாம். முக்கியமான மருந்தே அதானாம். மனசு மேலயே மிதந்துட்டு நிக்குதாம், அதைக் கீழ இறக்கக் கனமா ஒண்ணு வேணுமாம்." என் பக்கம் திரும்பினார். "நீங்க முட்டைகூடத் தொட மாட்டீங்களே. அது இல்லாம வேற தரச் சொல்லட்டுமா?"

அந்தத் துண்டைப் பார்த்தேன். மறுக்க வேண்டும் என்று தெரிந்தது. மறுப்பு வரவில்லை.

"வேணாம்மா. போட்டுக்கிறேன்."

புதுப் பொட்டலங்களோடு அங்கேயே ஒரு மண்சட்டியும் வாங்கினேன். அதை ஓட்டல் பாத்திரங்களோடு சேர்க்காமல் என் அறையில் வைத்துக்கொண்டேன். கொதிக்கும்போது சிப்பித் துண்டுகள் அடியில் தட்டிக்கொண்டே இருந்தன.

நான்காம் நாள் தூங்கினேன். தூங்கினால் மனைவி கனவில் வருவாள் என்று ஒரு நினைப்பு இருந்தது. வரவில்லை. எழுந்தபோது ஜன்னலில் வெயில் இருந்தது.

அன்று சாம்பாரில் உப்பைப் போட்டதும் ஜாடியை மூடி மேல் தட்டில் வைத்துவிட்டேன். முதலாளி ஒரு கரண்டி ருசி பார்த்தார். இன்னொரு கரண்டி எடுத்துக் குடித்துவிட்டுக் கல்லாவுக்குப் போனார்.

சாயங்காலம் அடுத்த பொட்டலத்தைப் பிரித்தேன். கை தானாகத் தட்டைத் தேடியது. தட்டை எடுக்காமல், அப்படியே சட்டியில் கொட்டினேன்.