நகல் என்று நீக்கியவை

சிதம்பரத்தில் வீட்டிலிருந்தபடியே புரோகிராம் எழுதுகிறேன். ரசாயன ஆலைகளை ஒட்டிய குடிகாடு கிராமத்து நண்பன் ஒருவன், காற்றில் ஆலை நெடி அடித்த நாட்களைப் பற்றி ஊர்க்காரர்கள் அனுப்பும் வாட்ஸ்அப் செய்திகளைச் சேகரித்தான். அவற்றைத் தொகுக்கச் சின்ன புரோகிராம் ஒன்று எழுதிக் கொடுத்தேன். ஒரே ஆள் ஒரே செய்தியை மறுபடி அனுப்பினால், நகல் என்று அது நீக்கிவிடும். தேதியையும் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

தொகுப்பை ஆட்சியரிடம் மனுவோடு கொடுத்துவிட்டு, ஊர்க் கூட்டத்திலும் வாசித்தோம். மூச்சிரைக்கும் குழந்தையைத் தோளில் போட்டிருந்த ஒரு அக்கா எழுந்தார்.

"நான் தெனம் போட்டனே தம்பி. ஒரு நாள்தான்னு படிக்கிறீங்க?"

"எல்லாம் ஒரே மெசேஜா இருந்துச்சுக்கா. அதான் எடுத்துடுச்சு."

"தெனம் அதே நெடிதான அடிக்குது. வேற என்னான்னு போடறது?"

அவர் கோபப்படவில்லை. வேறு என்ன எழுதுவதென்று தெரியாமல்தான் கேட்டார்.

அன்றே திருத்தி, புது மனு கொடுத்தோம். ஆனாலும் அந்தக் குழந்தை மூச்சுவிடத் திணறிய நாட்களுக்கு நகல் என்று பெயர் வைத்தவன் நான்தான்.