இரண்டாவது சாவி

ஆஸ்பத்திரி ஆடிட் என்றால் பில் கட்டைப் பிரிப்பதற்கு முன் மருந்து ஸ்டோரைப் பார்த்துவிடுவேன். சித்தூர் தணிக்கை அலுவலகத்தில் சேர்ந்த நாளிலிருந்து என் பழக்கம் அது. புதிதாக வருகிற பிள்ளைகளுக்கும் அதையே சொல்வேன். கூடவே இந்தக் கதையையும் சொல்வேன்.

ரேணிகுண்டா–அரக்கோணம் ரயில் பாதையை ஒட்டி ஒரு சின்ன அரசு ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம். அங்கே மார்பின் என்கிற கடும் வலி மருந்து வைக்கும் அலமாரிக்கு டபுள் லாக். ஒரு சாவி ஹெட் நர்ஸிடம், இன்னொன்று பார்மசிஸ்டிடம் இருக்க வேண்டும். ஒருவர் தனியாகத் திறக்க முடியாது என்பதுதான் ஏற்பாடு. ஹெட் நர்ஸ் சரோஜா சிஸ்டரோ இடுப்பிலிருந்து ஒரே வளையத்தை எடுத்து இரண்டு பூட்டையும் திறந்தார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

“ரெண்டு சாவியும் உங்ககிட்டன்னா, எதுக்கு சிஸ்டர் ரெண்டு பூட்டு?”

“பார்மசிஸ்ட் அரக்கோணத்துலருந்து வராரு மேடம். ரயிலு எப்ப வரும்னு அவருக்கே தெரியாது. அவசரக் கேசு வந்தா நான் யாரைத் தேடிக்கினு போறது?”

“அதை ஆடிட்டுக்குக் குடுக்கிற பதில்ல எழுதுங்க” என்றேன்.

ஸ்டாக்கை எண்ணினோம். ஒரு ஆம்பியூல் குப்பிகூடக் குறையவில்லை. இருந்தாலும் விட மனசில்லை. பார்மசிஸ்ட் வரும்வரை என்னிடம் இருக்கட்டும் என்று இரண்டாவது சாவியைக் கழற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். சிஸ்டர் முகம் சுண்டிப்போனது. நான் தணிக்கை அறிக்கையில் அவர்மேல் ஒரு பாரா எழுதினால் அவருக்கு சார்ஜ் மெமோ வரும், பதவி உயர்வு நின்றுபோகும். அது எங்கள் இருவருக்கும் தெரியும்.

கொஞ்ச நேரத்தில் வாசலில் ஒரே சத்தம். பைக்கில் போகும்போது லாரி தட்டிவிட்ட ஒரு பையனைத் தூக்கி வந்தார்கள். கால் எலும்பு தோலைக் கிழித்து வெளியே தெரிந்தது. “நைனா, தாங்க முடியல நைனா” என்று அலறினான். டாக்டர் மார்பின் எழுதிவிட்டார். அதற்குள் அவன் அப்பா பொறுமை இழந்து, “இங்க வலிக்கே மருந்து போடல. புத்தூர் எலும்பு வைத்தியர்கிட்டத் தூக்கினு போய்க் கட்டு கட்டிக்கிறோம், ஆட்டோவைக் கூப்புடு” என்று கத்தினார். அந்தக் காலோடு ஆட்டோவில் போனால் பையன் கதி என்ன ஆகும்?

சிஸ்டர் ஓடி வந்து என் முன்னால் கையை நீட்டினார். “மேடம், சாவி.” எடுத்து நீட்டினேன். அவர் வாங்காமல் கையை இழுத்துக்கொண்டார். “நீங்களே திறங்க. கையெழுத்தும் ரெண்டு வேணும் இல்ல?”

அதுவும் சரிதான். என் பூட்டை நான் திறந்தேன், அவர் பூட்டை அவர் திறந்தார். ரிஜிஸ்டரில் இருவரும் கையெழுத்துப் போட்டோம். ஊசி போட்டதும் அலறல் மெல்ல முனகலானது. அப்பா ஆட்டோவைத் திருப்பி அனுப்பிவிட்டு, ஆம்புலன்ஸில் மகனோடு திருப்பதிக்குப் போனார். பார்மசிஸ்ட் அதற்கப்புறம்தான் வியர்த்து வழிய வந்து சேர்ந்தார்.

சித்தூர் திரும்பியதும் எங்கள் சீனியரிடம் நடந்ததைச் சொன்னேன். தலையில் கை வைத்துக்கொண்டார்.

“ஏம்மா, ஆடிட் பண்ணப் போன எடத்துல ரிஜிஸ்டர்ல சைன் பண்ணிட்டு வருவியா? சிஸ்டர் பேரைப் போட்டு பாராவை முடி. உன் சைன் பத்தி மூச்சு விடாத.”

எனக்கு அது பிடிக்கவில்லை. சிஸ்டர் பெயர் மட்டும் போனால், ஆஸ்பத்திரியில் இரண்டாவது ஆள் இல்லாத விஷயம் அப்படியே அமுங்கிவிடும். அதனால் இப்படி எழுதினேன்: ‘இரண்டாவது சாவிக்கு ஷிஃப்ட் வாரியாகப் பொறுப்பாளர் நியமிக்கப்படவில்லை. தணிக்கை நாளன்று அவசரத்துக்குக் கிடைத்த இரண்டாவது நபர் தணிக்கையாளர் மட்டுமே.’ சீனியர் இரண்டு முறை படித்துவிட்டு, “உன் தலையெழுத்து” என்று கையெழுத்திட்டார்.

இப்போது அங்கே ஒவ்வொரு ஷிஃப்டிலும் டியூட்டி டாக்டரிடம் ஒரு சாவி இருக்கிறது. சரோஜா சிஸ்டருக்கு மெமோ வரவில்லை, பதவி உயர்வு வந்தது. நீங்களும் ஒரு விதியைப் பிடித்துக் கேள்வி கேட்கும் முன், அந்தச் சாவியைக் கொஞ்ச நேரம் உங்கள் பையில் வைத்துப் பாருங்கள்.

மெமோ எனக்குத்தான் வந்தது. தணிக்கைக்குப் போன இடத்தில் மருந்து அலமாரியைத் திறந்தது ஏன் என்று விளக்கம் கேட்டிருந்தார்கள். ஒரே வரியில் பதில் எழுதினேன்: ‘சாவி என்னிடம் இருந்தது.’