ஓடுபாதை மூடப்பட்ட மாலை

இன்று பெற்றோல் நிலையத்தில் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் கக்கிய ஆமணக்கெண்ணெய்ப் புகை, நாங்கள் குடியேறிய கிரின்ஸ்டெட் நகரின் ஓரத்தில் முன்பிருந்த, அதே மணம் வீசிய ஸ்பீட்வே மோட்டார் சைக்கிள் பந்தய மைதானத்துக்கு என்னைக் கொண்டுபோனது. தொழிற்சாலை வேலை முடிந்ததும் அப்பா அங்கே டிராக்டரில் ஏறி, ஓடுபாதைக்குச் சுற்றிச் சுற்றித் தண்ணீர் தெளிப்பார்; பிரேக் இல்லாத பந்தய மோட்டார் சைக்கிள்கள் வளைவில் சறுக்கும்போது அந்த ஈரமண் வேலித் தகரத்தில் மழைபோல அடிக்கும். இங்கிலாந்தில் நிர்வாகிகளின் சண்டையாலும் நட்டத்தாலும் தன் கழகம் மூடப்பட, இங்கே பந்தயம் ஓட வந்த டேனி என்ற வீரன், மைதானத்தின் பின்னால் ஒரு காரவான் வண்டியில் குடியிருந்தான்.

வன்னியில் யுத்தம் முடிந்த அந்த மே மாதம், இங்கும் நிர்வாகக்குழு பிளந்து, மைதானத்தை மூடுவதாக அறிவித்தது. அப்பாவை ஏற்றிவர அம்மாவும் நானும் போனபோது, டேனி அவருடைய தோளில் சாய்ந்து அழுதுகொண்டிருந்தான். அப்பா அவன் முதுகைத் தடவியபடி நின்றார். அவருடைய தங்கையும் பிள்ளைகளும் வன்னியில் ஷெல் குண்டு விழுந்து செத்த செய்தி அன்று காலையில்தான் வந்திருந்தது.

அப்பா வழக்கம்போலக் காரை ஓட்டும் இருக்கையில் ஏறியதும், பக்கத்திலிருந்த அம்மா கேட்டார்: “ஏனப்பா, அவனிட்டை ஒண்டும் சொல்லேல்லையே?”

“அவன் தன்ரை இழவிலை நிக்கிறான். நான் என்னத்தைச் சொல்ல?”

சாவியைத் திருப்ப அப்பாவுக்குக் கை வரவில்லை. அம்மா இறங்கி மறுபக்கம் வந்து, அவரை நகர்ந்து உட்காரச் சொல்லிவிட்டுக் காரை எடுத்தார்.