கவ்வாத்து வெட்டிய பைனஸ்

நீர்கொழும்பில் வீடு கட்டியிருக்கும் என் மகள், கடல் காற்றை மறைக்கவென்று பைன் கன்றுகள் வாங்கி வைத்திருந்தாள். போன வாரம் போனபோது ஊசியிலை ஒன்றைப் பிடித்து இழுத்தேன். கணுக்கணுவாகக் கழன்று வந்தது.

"இது சவுக்கு மரம்டி. பைனஸ் இல்ல."

அவள் முகம் தொங்கிவிட்டது. உப்புக் காற்றுக்குச் சவுக்குதான் தோது, விற்றவன் தெரியாமலே நல்லது செய்திருக்கிறான் என்று தேற்றினேன்.

எனக்கு இந்த மர ஞானம் வந்ததே அவளால்தான். ராகலைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில், வரிசை வீடுகளான லயத்தின் கடைசிக் காம்பரா, ஒற்றை அறை, எங்களுடையது. மலைக்காற்று முதலில் எங்கள் கூரைத் தகரத்தைத்தான் தட்டும். கைக்குழந்தையான அவளுக்குக் காற்றடித்தால் மூச்சிழுப்பு வந்துவிடும். மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பிள்ளை தங்குமா என்பதைத் தவிர எனக்கு வேறு நினைப்பே இல்லை.

காற்றை மறிக்கத்தான் பைனஸ் நட்டோம். அதுவரை சைப்ரஸையெல்லாம் பைனஸ் என்று சொல்லித் திரிந்தவள் நான். ஊசிகள் மும்மூன்றாகச் சேர்ந்திருக்கும், கசக்கினால் டர்பன்டைன் வாசம் வரும் என்று வன இலாகா நாற்றுமேடையில் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

கன்றுகள் இடுப்பளவு வளர்ந்து காற்றில் சாயத் தொடங்கின. என் கணவருக்குத் தேயிலைச் செடிகளை மட்டமாக வெட்டிவிடும் கவ்வாத்து வேலை. அவர் கத்திக்குத் தோட்டத்தில் நல்ல பேர். ஒருநாள் கொழுந்தெடுத்துவிட்டு வந்து பார்த்தால், எல்லாம் முழங்கால் உயர மொட்டைக் குச்சிகள்.

"என்னங்க இது?"

"கவ்வாத்து வெட்டிட்டேன் புள்ள. தேயில மாதிரி அடர்த்தியா தளுக்கும் பாரு. அப்புறம் காத்து எங்க பூரும்?"

தேயிலை தளிர்க்கும். பச்சை ஊசி இல்லாத பைனஸ் கட்டை தளிர்க்காது. ஒவ்வொன்றாகக் காய்ந்தன. நான் அவருக்குச் சோறு போட்டேன், பேச்சுக் கொடுக்கவில்லை. பாவம், விடிந்ததும் போய்க் குச்சிகளைத் தடவிப் பார்த்துவிட்டு வருவார்.

ஒரு காலையில், "புள்ள, கொஞ்சம் வந்து பாரேன்" என்று கூப்பிட்டார். கத்திக்குத் தப்பிய ஒரு பக்கக் கிளை, பச்சை மாறாமல் மேல்நோக்கித் திரும்பியிருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அடுத்த மழைக்கு அதன் பக்கத்தில் புதுக் கன்றுகள் நட்டோம். அவர் வேலை முடிந்து வந்ததும் கத்தியை வாங்கிக் கட்டிலுக்கடியில் போட்டுவிடுவேன். அவரும் மறுபேச்சில்லாமல் கொடுப்பார். மரங்கள் எழும்ப எழும்பத் தகரத்தின் சத்தம் குறைந்தது.

இப்போது அந்த லயம் இல்லை. மரங்களையும் அறுத்துக் கொண்டுபோய்விட்டார்கள். அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். போன வாரம் அந்தச் சவுக்கை நட மகளே மண்வெட்டி பிடித்துக் குழி வெட்டினாள். நான் பழக்கதோஷத்தில் பக்கத்தில் நின்று அவள் மூச்சையே கேட்டுக்கொண்டிருந்தேன். சீராக வந்தது. அந்த இழுப்பு மரத்தால் போனதோ வயதால் போனதோ, தெரியாது. போனவற்றில் நான் திரும்பக் கேட்காதது அது ஒன்றுதான்.