ஐந்து கொடையாளர்களும் ஒரு மதியத் தூக்கமும்

பிள்ளைகள் பராமரிப்புக்குப் பணம் கொடுக்க விரும்புகிறவர்கள் கொழும்பில் நிறையப் பேர். தன் பணம் இன்னொருவர் பணத்தோடு கலக்கக் கூடாது என்பவர்களும் அவர்களேதான். அப்படிப்பட்ட ஐந்து பேருடைய பணத்தை ஒரே நிதியாகச் சேர்த்து, அது எங்கே போகலாம் என்று நேரில் பார்த்து எழுதிக் கொடுப்பது என் வேலை. இருபது வருஷம் பத்திரிகையில் செய்தி எழுதியவனுக்கு இதென்ன பெரிய வேலை என்று நினைத்துத்தான் வந்தேன். எப்போதாவது நன்கொடைக்கு விண்ணப்பம் நிரப்பியவர்கள் இப்போதே சிரிப்பீர்கள்.

யானைக்கு மேல் மயில்

முதலில் போனது வெள்ளவத்தையில், ஒரு மாடிக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் இருக்கும் டே கெயாருக்கு. பதினான்கு பிள்ளைகள். நடத்துபவர் ஜெயந்தி அக்கா. உதவிக்கு ஹட்டனிலிருந்து வந்த யோகேஸ் என்ற ஒரே ஒரு பெண்.

நிதி ஒன்றாவதற்கு முன் ஐந்து பேரும் தனித்தனியாக இங்கே உதவியிருந்தார்கள். ஐவர் செய்ததும் ஒன்றே: முன்னறைச் சுவருக்கு வர்ணம் பூசி, படம் வரைந்து, தங்கள் பெயரை எழுதுவது. ஒருவருடைய யானைக்கு மேல் மற்றவருடைய மயில். ஐந்து தடவையும் பூசியவர் மாளிகாவத்தையைச் சேர்ந்த ஒரே பெயின்டர். இன்னும் யாராவது வருவார்களா என்று அவரிடம் கேட்டேன். "வரட்டும் சேர். ஆனா இன்னும் ரெண்டு கோட் அடிச்சா ரூம் சின்னதாப் போயிரும்."

அளந்து காட்டுக

எங்கள் படிவத்தில் 'ஒரு வருடத்தில் ஏற்பட்ட, அளந்து காட்டக்கூடிய மாற்றம்' என்று ஒரு கேள்வி உண்டு. ஜெயந்தி அக்கா யோசிக்காமல் எழுதினார்: போன வருஷம் எல்லாரையும் கடித்த பிள்ளை இந்த வருஷம் ஒருவரையும் கடிக்கவில்லை. நல்லது, ஆனால் அளவு எங்கே என்று கேட்டேன். அக்கா முழங்கையை நீட்டினார். "தழும்பு இருக்குது. அளந்து பாருங்கோ."

பொம்மைக்குச் சேலை

யோகேஸ் அந்த மாதக் கடைசியில் வேலையை விடுவதாக இருந்தார். அவர் போனால் டே கெயாரை மூட வேண்டும். பதினான்கு தாய்மாராலும் வேலைக்குப் போக முடியாது. சம்பளத்தைக் கூட்டினால் நிற்பார். ஆனால் ஐந்து பேருடைய விதிமுறைகளிலும் ஒத்துப்போன ஒரே வரி, 'சம்பளத்துக்குப் பணம் இல்லை' என்பது. இந்தச் சிக்கலையும் என் அறிக்கையில் எழுதி அனுப்பிவிட்டு, ஏன் போகிறீர்கள் என்று யோகேஸிடம் கேட்டேன். "புடவைக்கடையில கூப்பிடுறாங்க சார். பொம்மைக்கு சேலை கட்டிவிட்டா இதைவிட சம்பளம் கூட. பொம்மை அழுவவும் அழுவாது."

ஒன்றரை மணி

ஐந்து கொடையாளர்களுக்கும் ஒன்றாக வந்து பார்க்க நேரம் வாய்த்தது ஒரு புதன்கிழமை மதியம் ஒன்றரைக்கு. பிள்ளைகள் தூங்கும் நேரம். எழுப்பி ஒரு பாட்டாவது பாட வைக்கலாமே என்றேன். ஜெயந்தி அக்கா மறுத்துவிட்டார். ஐவரும் கழற்றிய சப்பாத்தைக் கையில் பிடித்தபடி வரிசையாக உள்ளே வந்தார்கள். ஐவரில், கொட்டாஞ்சேனையில் இரும்புக்கடை வைத்திருக்கும் ஐயாவுக்கு மெதுவாகப் பேசிப் பழக்கமில்லை. "எல்லாம் நித்திரையோ?" என்று கேட்டார். அதோடு நித்திரை முடிந்தது.

ஒன்று அழ, பதினான்கும் அழுதன. ஐவரும் கைக்கு எட்டிய பிள்ளையைத் தூக்கினார்கள். ஐவரில் இன்னொருவரான, வங்கியில் பெரிய பதவியிலிருக்கும் அம்மா தன் கைத்தொலைபேசியைக் காட்டினார். அவர் கையிலிருந்த பிள்ளை இன்னும் பலமாகக் கத்தியது. இரும்புக்கடை ஐயாவின் சேட் தோள்பக்கம் நனைந்தது. யோகேஸ் தரையில் உட்கார்ந்து, இரண்டை மடியில் கிடத்தி, மூன்றாவதன் முதுகைத் தட்டிக்கொண்டே 'ம்ம்' என்று மெல்ல இழுத்தார். மற்றவை ஒவ்வொன்றாக இறங்கி அவர் பக்கம் போயின. இருபது நிமிடத்தில் அறையில் மின்விசிறிச் சத்தம் மட்டும்.

வெளியே வந்ததும் சம்பளப் பேச்சை எடுக்க வாயைத் திறந்தேன். ஐயா கையைக் காட்டி நிறுத்தி, இரகசியக் குரலில் சொன்னார்: "தம்பி, அந்தப் பிள்ளைக்கு என்ன சம்பளம் வேணுமெண்டு எழுதுங்கோ. நாங்கள் அஞ்சு பேரும் கையெழுத்து வைக்கிறம்."

பின்னேரம் யோகேஸிடம் விஷயத்தைச் சொல்லி, இனி நிற்பீர்கள்தானே என்று கேட்டேன். ஒரு பிள்ளையின் மூக்கைத் துடைத்துக்கொண்டே பதில் சொன்னார். "நிப்பேன் சார். ஆனா அந்த ஐயாவ மட்டும் ஒன்றரைக்குக் கூட்டிட்டு வராதீங்க."

ஐந்து பேரையும் ஒரு முடிவுக்குக் கொண்டுவர என் அறிக்கைகள் எல்லாம் சேர்ந்தும் செய்யாததை ஒரு மதியத்து அழுகை செய்தது என்பதை, இறுதி அறிக்கையில் யாருடைய சாதனையாகப் போடுவது என்றுதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.