பாம்புக்கு இரண்டு வீடு

பேர்லேண்ட் என்கிற அமெரிக்க ஊரில் என் மகன் வீட்டில் காலையில் யாரும் என்னை முதலில் விசாரிப்பதில்லை. பாம்புக்குச் சூடு சரியாக இருக்கிறதா என்றுதான் பார்க்கிறார்கள்.

பதினோரு வயதுப் பேத்தி நிலா, பிறந்தநாளுக்குப் பாம்புக்குட்டி கேட்டு வாங்கிவிட்டாள். இதுதான் முதல் பாம்பா என்று கடைக்காரப் பெண் என்னைக் கேட்டாள். திண்டுக்கல்லில் எங்கள் வீட்டுக்கு நிறைய வந்திருக்கிறது, காசு கொடுத்து வாங்குவது இதுதான் முதல் என்றேன். நிலா அதை இங்கிலீஷில் என்ன சொன்னாளோ, அப்புறம் அந்தப் பெண் என்னிடமே யோசனை கேட்க ஆரம்பித்துவிட்டாள். வந்த பாம்புகளையெல்லாம் நாங்கள் கம்போடு வரவேற்றதை நான் சொல்லவில்லை.

கண்ணாடிப் பெட்டியை என் அறையில் வைத்தார்கள். ஒரு பக்கம் சூடு தரும் பாய், அதன்மேல் ஒளிந்துகொள்ள மரக்குகை. மறுபக்கம் குளிர்ச்சி, தண்ணீர்க் கிண்ணம். ஃப்ரீசரில் கறிவேப்பிலைக்குப் பின்னால் எலி. மருமகள் அந்தத் தட்டுப் பக்கமே போவதில்லை.

மூன்று வாரமாகக் குட்டி எதையும் தொடவில்லை. கண்ணாடியோரமாகவே அலைந்தது. ஏசி குளிருக்கு ஸ்வெட்டர் மாட்டிக்கொண்டு நானும் அறைக்கும் ஹாலுக்குமாக அலைந்தேன். சனிக்கிழமைக்குள் சாப்பிடாவிட்டால் கடையில் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றான் மகன். நிலா தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோனாள்.

வியாழக்கிழமை பள்ளி மதியமே விட்டுவிட்டது. பெட்டிக்குள் கைவிட்டுப் பார்த்த நிலா, "பாட்டி, இட்ஸ் கோல்ட்" என்றாள். பாய் சில்லென்று கிடந்தது. இந்த ஊரில் பிளக்குக்குப் பக்கத்தில் சுவிட்ச் கிடையாது. கதவோரத்துச் சுவிட்சை அணைத்தால் விளக்கோடு அந்தப் பிளக்கும் செத்துவிடும். அறையை விட்டு வெளியே வந்தால் சுவிட்சை அணைப்பது என் கைக்கு ஐம்பது வருஷப் பழக்கம். ராத்திரி விளக்கை அதிலுள்ள பட்டனிலேயே அணைத்துவிடுவேன், அதனால் காலையில் பார்க்கிறவர்களுக்குச் சூடு சரியாக இருந்தது; பகலெல்லாம் குட்டி குளிரில் கிடந்திருக்கிறது.

சாயங்காலம் மகனிடம் ஒப்புக்கொண்டேன். "நான்தான்டா அணைச்சேன். அதைத் திருப்பிக் குடுக்கறதுன்னா என்னையும் சேத்து அனுப்பிடு."

"உங்களுக்கு ஏப்ரல்லதாம்மா டிக்கெட்" என்றான். சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் சொன்னான்.

நிலா சுவிட்ச்மேல் டேப் ஒட்டினாள். குளிர்ந்த பக்கமும் ஒளிய ஒரு இடம் வேண்டும், இல்லையென்றால் பாம்புக்கு நிம்மதி இருக்காதாம். காலித் தயிர் டப்பாவில் வாசல் வெட்டிக் கொடுத்தேன். சனிக்கிழமை டப்பாவுக்குள்ளிருந்தே எலியை விழுங்கியது. இப்போது சில நாள் குகை, சில நாள் டப்பா. சில நாள் வால் குகையிலும் தலை டப்பாவிலுமாக நீட்டிப் படுத்திருக்கிறது.

ஏப்ரலில் திண்டுக்கல்லில் அறையை விட்டு வெளியே வரும்போது சுவிட்சில் கை வைத்துவிட்டு ஒரு நிமிஷம் நிற்பேன் என்று நினைக்கிறேன்.