தந்தி வந்த ஊரைக் கேட்கவில்லை

தொண்ணூறுகளில் நான் வளைகுடாவில் உள்ள சோஹாரில் ஒரு கம்பெனியில் கம்பி கட்டும் வேலை பார்த்தேன். எங்கள் இஞ்சினியர் ஜெர்மன்காரர். அவருடைய குடும்பப் பெயர், பாட்டன் காலத்துப் பண்ணை ஒன்றின் பெயராம். அவர் வீட்டாரைத் தவிர ஜெர்மனியில் வேறு யாருக்கும் அது இல்லையாம்.

"பேரை மட்டும் எழுதிப் போட்டாலே அவருக்குக் கடுதாசி போயிருமாம். இங்க முருகான்னா ஆறு பேரு திரும்புறீங்க" என்று எங்கள் போர்மேன் சிரித்தார். அவரும் தமிழர்தான்.

ஒரு நாள் பி. முருகன் என்ற பெயருக்குத் தந்தி வந்தது. அப்பா இறந்துவிட்டார், உடனே வரவும் என்று போர்மேன் படித்தார். என் பெயர் பி. முருகன். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. அன்றே எமர்ஜென்சி லீவு வாங்கிப் புறப்பட்டேன்.

ஊரில் எங்கள் வீட்டு வாசலில் அப்பா நின்றார்.

"என்னடா, சொல்லாம கொள்ளாம வந்து நிக்கிற? வெரட்டி விட்டுட்டானா?"

எங்கள் ஊர் வாத்தியாரிடம் தந்தியைக் காட்டினேன். பரமக்குடியில் கொடுத்த தந்தி என்றார். நான் அரியலூர்க்காரன். நாங்கள் தங்கியிருந்த கேம்ப்பில் பரமக்குடிக்காரர் இன்னொரு பி. முருகன் இருந்தார். நான் கேம்ப்புக்குப் போன் போட்டுச் சொல்வதற்குள் பரமக்குடியில் எல்லாம் முடிந்துவிட்டது. அவர் ஒரே மகன். பங்காளிதான் கொள்ளி வைத்தாராம்.

லீவு முடிந்து போனதும் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"ஒங்கப்பா நல்லாருக்காரா?" என்று மட்டும் கேட்டார். பிறகு என்னோடு பேசவே இல்லை.

இப்போது எனக்கு எது வந்தாலும், எந்த ஊரிலிருந்து, யார் அனுப்பியது என்று படிக்கச் சொல்லிக் கேட்ட பிறகே வாங்குகிறேன். அன்று கேட்டிருந்தால் அவர் தன் அப்பா முகத்தைப் பார்த்திருப்பார்.